முப்பதாம் நாள் ஓடிய கேசட்

அன்று வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமியார் ஞானம்மா. என் மனைவி ரோஸ்லின். ஜெபம் சொல்ல வந்த கோவில் உபதேசியார். வாசலோரம், ஷூவைக் கழற்றாமல், மைத்துனன் சேவியர். மேசையில் மாமனார் அந்தோணியின் படம், இரண்டு மெழுகுவத்தி. படத்துக்கு முன்னால் கேசட் ஓடும் என் ரேடியோ. அதன் முன்னால் நான்.

கை வேலை தெரிந்தவனை நம்பக் கூடாது. நான் கை வேலை தெரிந்தவன்.

அப்போது சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கடைத்தொகுதி மாடியில், கேம் சென்டரில் வேலை. காசு போட்டு ஆடும் மிஷின்களைப் பழுது பார்ப்பேன். படிப்பு ஆறாம் வகுப்பு. மற்றதெல்லாம் ஷாக் அடித்துக் கற்றது.

மாமனார் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தார். பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருநாள் என்னிடம், "மாப்பிள்ள, உங்க ரேடியோவ கொண்டாங்க. பேசி வைக்கணும்" என்றார். தேக்கா மார்க்கெட்டில் ஒரே மாதிரி இரண்டு காலிக் கேசட் வாங்கினேன். ஒன்றைப் போட்டு, பொத்தானை அமுக்கி, மைக்கை அவர் வாயருகே வைத்தேன்.

"நீங்க வெளிய நில்லுங்க."

நின்றேன். சுவர்க் கடிகாரப்படி அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலாகப் பேசினார். கூப்பிட்டதும் உள்ளே போய் நிறுத்தினேன். எட்டு நாளில் போய்விட்டார்.

என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் யாரைப் பற்றி என்று எல்லாருக்கும் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஓர் ஈஸ்டர் நாளில் சேவியர் அப்பாவை நோக்கிக் கை ஓங்கினான். அடிக்கவில்லை. ஓங்கிய கையோடு வீட்டை விட்டுப் போய் கிளமெண்டியில் இருந்துகொண்டான். ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. கல்லறைக்கு வந்தான், தள்ளி நின்றான்.

மாமியார் கேசட்டை உடனே கேட்கவில்லை. "முப்பதாம் நாளு சேவியரும் வரட்டும். ஒண்ணா கேப்போம். அதுவரைக்கும் நீங்க பத்திரமா வைங்க மாப்பிள்ள" என்றார்.

பத்திரமாகத்தான் வைத்தேன். கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறெதுவும் பதிய முடியாது. பதிவுப் பொத்தான் அமுங்காது. உடைத்தேன். பெயர் எழுத மனம் வரவில்லை. (உடைந்த பல்லே அடையாளம் என்று நினைத்தேன்.) வீட்டில் பிள்ளைகள் கை படும் என்று என் டூல் பெட்டியில் போட்டேன், கூட வாங்கிய காலிக் கேசட்டுக்குப் பக்கத்தில்.

இருபதாம் நாள் ஒரு மிஷினில் சத்தம் போடும் போர்டு எரிந்துபோனது. மேலிருந்து இறங்கும் பூச்சிகளைச் சுடும் ஆட்டம். படம் ஓடும், சத்தம் வராது. ஊமை மிஷினை யார் ஆடுவார்? முதலாளி சீனர். எங்களுக்குள் மலாய்தான். கடை திறப்பதற்குள் ஏதாவது செய் என்றார்.

செய்தேன். அதே ஆட்டத்தின் நல்ல மிஷின் இன்னொன்று இருந்தது. அதன் ஸ்பீக்கரிலிருந்து இரண்டு வயர் இழுத்து, சத்தத்தை அடக்க நடுவில் ஒரு ரெசிஸ்டர் வைத்து, ரேடியோவின் மைக் ஓட்டையில் கொடுத்தேன். அரை மணி நேரச் சத்தத்தைப் பிடித்து, ஊமை மிஷினுக்குள் கேசட்டை ஓடவிடுவது என் திட்டம். பெட்டியில் கை விட்டேன். கேசட் வந்தது. போட்டேன். பதிவுப் பொத்தான் அமுங்கவில்லை.

பொத்தான் அமுங்கவில்லை என்றால் மனிதன் ஏன் என்று கேட்க வேண்டும். நான் செல்லோடேப் தேடினேன். பல் உடைந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினால் எந்தக் கேசட்டிலும் பதியலாம். எங்கள் கடையில் பழைய பாட்டுக் கேசட்டையெல்லாம் அப்படித்தான் செய்வோம். ஒட்டினேன். அமுங்கியது. (சந்தோஷப்பட்டேன்.) நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றி, முனையில் பதியாது என்று கொஞ்சம் ஓட்டிவிட்டு, அங்கிருந்து பதிந்தேன். அரை மணி நேரம் நானே ஆடினேன். பதினேழு முறை செத்தேன்.

மிஷின் மூன்று நாள் பேசியது. ஆடுபவன் சும்மா நின்றாலும் சுட்டது. கூட்டம் சிரித்தது. முதலாளி கழற்றச் சொன்னார். கேசட் பெட்டிக்குத் திரும்பியது.

முப்பதாம் நாள் மாமியாரின் புக்கிட் மேரா வீட்டில் ஜெபம் முடிந்தது. பல் உடைந்த கேசட்டை எடுத்தேன். முதுகில் செல்லோடேப் இருந்தது.

கை நின்றுவிட்டது.

"போடுங்க மாப்பிள்ள" என்றார் மாமியார்.

போட்டேன். மாமனார் இருமினார். பிறகு தெளிவாகப் பேசினார்.

"சேவியர் வந்தா சொல்லு. அவன் மேல எனக்கு..."

பூச்சிகள் இறங்க ஆரம்பித்தன.

உபதேசியார் மெதுவாகக் கேட்டார்: "இது என்ன சத்தம்?"

"பூச்சி சுடுறது."

"யாரு சுடுறது?"

"நான்."

ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். நிறுத்தக் கை நீட்டினேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தாதீங்க. பின்னாடி பேசுவாரு."

"அத்தை, நான் தெரியாம..."

"பேசுவாருன்னு சொல்றேன்ல."

அப்படியே உட்கார்ந்திருந்தோம். மெழுகுவத்தி எரிந்தது. நான் சுட்டேன். நான் செத்தேன். சாகும்போது ஓர் இசை வரும், கீழே இறங்கி இறங்கி. முதல் தடவை உபதேசியார் சிலுவை போட்டார். நாலாவது தடவை ஜெபமாலையை எடுத்தார். மாமியார் வேண்டாமென்று கையைக் காட்டினார். அவர் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். ஒன்பதாவது தடவை ரோஸ்லின், "இவ்வளவு மோசமாவா ஆடுவீங்க?" என்று என் காதில் கேட்டாள். பதினோராவது தடவை சேவியர் ஷூவைக் கழற்றினான். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான், ரேடியோவுக்கு அருகில்.

அரை மணி நேரம் என்பது எவ்வளவு நேரம் என்று அன்றுதான் தெரிந்தது.

பதினேழாவது சாவு முடிந்தது. டக் என்று ஒரு சத்தம். நாடா இரைந்தது. மாமியார் சரியாகத்தான் சொன்னார். மாமனார் பேசினார்.

"அவ்வளவுதான். மாப்பிள்ள, வந்து நிறுத்துங்க."

நிறுத்தினேன்.

சேவியர் தலையைத் தூக்கவில்லை. "என் மேல என்னம்மா? என்ன சொல்ல வந்தாரு?"

"கோபம் இல்லன்னுதான்டா."

"நீங்க சொல்றீங்க."

"வேற என்ன சொல்லுவாரு."

அவன் என் பக்கம் திரும்பினான். "மச்சான், நீங்க வெளியதான நின்னீங்க? ஒண்ணுமே காதுல விழலையா?"

"விழல" என்றேன்.

அது உண்மை. பொய் சொல்லியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை. (லிஃப்டில் இறங்கும்போது தோன்றியது.)

அவன் சாப்பிடவில்லை. ஷூவைப் போட்டுக்கொண்டு போனான். ஆனால் அடுத்த வருட நினைவு நாளுக்கு வந்தான். கேசட்டைப் போடச் சொன்னான். பாதியில் நிறுத்த விடவில்லை. முழுதும் கேட்டான். அதற்கடுத்த வருடமும். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் வந்துகொண்டிருக்கிறான். என் பதினேழு சாவும் இப்போது அவனுக்கு மனப்பாடம்.

எங்கள் வீட்டில் யாராவது நீளமாகப் பேசினால் இன்னொருவர் சொல்வார்: "மாப்பிள்ள, வந்து நிறுத்துங்க." என் மகள் கல்யாணத்தில் சேவியர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மண்டபமே அதைச் சொன்னது. அவன்தான் அதிகம் சிரித்தான். பிறகு கழிவறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

கேசட் என்னிடம் இருக்கிறது. செல்லோடேப்பைப் பிய்த்துவிட்டேன். மாமனார் பேசியதில் மிச்சம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தேன்.

பத்துச் சொல்.