மேலே காய்ஞ்சிருக்கு!

கடைசியாக நீங்கள் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றினீர்களே, அப்போது செடிக்குத் தாகம் எடுத்ததா, உங்களுக்குக் கை அரித்ததா? உண்மையைச் சொல்லுங்கள். கை அரித்தது என்றால் நீங்கள் தண்ணீர் வள்ளல் இனம். வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த இனத்துக்கு உலகத்தில் ஆள் பஞ்சமே கிடையாது.

இங்கே பார்க்கப்போகும் வள்ளல் ஓர் அலுவலகத்தின் நிர்வாக அதிகாரி. 'வள்ளல்' என்பது முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். முகத்துக்கு நேரே 'சார்'. கூடத்து ஜன்னலோரம் அவர் வைத்திருந்த தொட்டிகளில் மண் கிடையாது. எல்லாம் தேங்காய் நார்த்தூள். கனமில்லை, தரையில் சேறாகாது என்று வாங்கிப் போட்டது. நார்த்தூளுக்கு ஒரு குணம் உண்டு. மேலே வெளுத்து, பொருபொருவென்று, பல நாள் பட்டினி கிடந்த மாதிரி இருக்கும். விரல் நீளம் கீழே போனால், பிழிந்தால் சொட்டும். விரலை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் விரல் அழுக்காகிவிடுமே! கையெழுத்துப் போடுகிற விரல் அல்லவா அது?

காலையில் பையைக்கூடக் கீழே வைக்காமல், பிளாஸ்டிக் குவளையில் தண்ணீரோடு வந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, தொட்டியை எட்டிப் பார்த்து, 'உச்' கொட்டி, "மேலே காய்ஞ்சிருக்கு!" என்று ஊரறியத் தீர்ப்புச் சொல்லி ஒரு குவளை ஊற்றுவார், தேநீருக்கு முன் ஒன்று, மேலிடத்திலிருந்து தொலைபேசியில் திட்டு வாங்கினால் மனம் ஆற ஒன்று, வெளியாள் யாராவது வந்து உட்கார்ந்திருந்தால், "செடியும் ஓர் உயிர்தானே?" என்ற வசனத்தோடு ஒன்று. ஆள் இல்லாத நேரத்தில் அந்த உயிர்மீது அவருக்கு அவ்வளவு இரக்கம் வந்ததாகத் தெரியவில்லை.

செடிகள் பதில் சொல்லத்தான் செய்தன. இலை மஞ்சளாகி, தண்டு துவண்டு, தலை தொங்கி நின்றன. காற்றே இல்லாத ஈரத்தில் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் மூழ்கிச் சாகிற செடியும் தாகத்தில் சாகிற செடியைப் போலவே வாடும். வள்ளல் வாட்டத்தைப் பார்த்தார். அடடா, தாகம்! இன்னொரு குவளை.

இதுவரை சிரிக்கலாம். செடி போனால் வேறு செடி வைத்துக்கொள்ளலாம். ஆனால் வள்ளல் ஊற்றிய செடி வள்ளலால் செத்திருக்க முடியாதே! அப்படியென்றால் ஒரு குற்றவாளி வேண்டும். எந்த அலுவலகத்திலும் குற்றவாளியைத் தேடி அலைய வேண்டியதில்லை. சம்பளப் பட்டியலின் கடைசி வரிக்குப் போனால் போதும். இங்கே கடைசி வரியில் இருந்தவர், கூட்டித் துடைக்கிற அக்கா. இந்த வேலையை நம்பித்தான் அவர் பக்கத்துத் தெருவுக்கே குடிமாறி வந்திருந்தார்.

"ஏம்மா, செடியெல்லாம் செத்துக்கிட்டிருக்கு. தண்ணி ஊத்துறதில்லையா?"

"நீங்கதானே சார், தொட்டிப் பக்கமே வராதே, நானே பாத்துக்கறேன்னு சொன்னீங்க?"

"சொன்னா? உனக்கா ஒரு பொறுப்பு வேண்டாமா?"

தொடவும் கூடாது, தொடாமல் இருந்ததும் தப்பு. இந்தச் சட்டம் எந்த நீதிமன்றத்தில் செல்லும்? வள்ளலின் நீதிமன்றத்தில் செல்லும். அன்று மதியமே எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். அக்காவை ஓரமாக நிற்க வைத்தார்.

"பொறுப்பில்லாத ஆளை இங்க வச்சுக்க முடியாது. எப்படிக் காயப் போட்டிருக்கா, நீங்களே பாருங்க!" என்று, இருப்பதிலேயே வாடிய செடியைத் தண்டோடு பிடித்து வேகமாக இழுத்தார்.

செடி முரண்டே பண்ணவில்லை. கறுத்துக் குழைந்த வேரோடு கையோடு வந்தது. சாக்கடை நாற்றம் கூடத்தை நிறைத்தது. பதறியதில் தொட்டி சாய்ந்து, அடியில் தேங்கிக் கிடந்த தண்ணீர் முழுவதும், தேய்த்த மடிப்புக் கலையாத அவர் கால்சட்டையில் இறங்கி, செருப்பு வழியாகத் தரையில் ஓடியது. கணக்கர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். மூக்கைத்தான் பொத்தியிருக்க வேண்டும்.

வள்ளல் ஒரு கணம் தவித்தார். இத்தனை கண்கள்! இத்தனை ஈரம்! எப்படித் தப்பிப்பது? சட்டென்று முகம் மலர்ந்தது. வழி கிடைத்துவிட்டது.

"பாத்தீங்களா? எவ்வளவு தண்ணியை ஊத்திக் கொன்னிருக்கா பாருங்க!"

குற்றச்சாட்டு குட்டிக்கரணம் அடித்தது. தண்டனை அசையவில்லை.

"நான் தொடவே இல்லையே சார்" என்றார் அக்கா.

தட்டச்சு செய்கிற பெண் பக்கத்து நாற்காலிக்காரியின் காதைக் கடித்தாள். "தினம் யாரு ஊத்தினாங்கன்னு இவருக்கே மறந்துபோச்சா?"

"சும்மா இருடி. நமக்கு எதுக்கு வம்பு? பதவி உயர்வு நேரம்."

"அப்ப அந்தம்மாவை அனுப்பிடலாம்" என்றார் வள்ளல், ஈரக் காலை உதறியபடி. "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

"எங்க மேலதிகாரியேதான்!" என்று நீங்கள் இந்நேரம் தொடையில் தட்டியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். படித்துப் படித்து முகம் செத்துப்போன பிள்ளையைப் பார்த்து, "பத்தல, இன்னொரு டியூஷன் வச்சுடலாம்" என்றது யார்? சரி, அது போகட்டும். இந்தக் கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, தினமும் அந்தக் குவளை யார் கையில் இருந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தீர்களே, அதற்கு என்ன சொல்வீர்கள்? வள்ளலுக்கு அதிகாரம் கொடுத்தது அவர் நாற்காலி மட்டுமா? உங்கள் மௌனமும்தானே?

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். கணக்கர் குனிந்துவிட்டார். தட்டச்சுக்காரப் பெண் நகத்தைப் பார்க்கிறாள். அடுத்தது நீங்கள். தயவுசெய்து எழுந்திருங்கள். எழுந்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்லுங்கள்:

"ஊத்தினது நீங்கதான் சார்."