கட்டுப்போட்ட கட்டைவிரல்கள்

அந்தச் செவ்வாய்க்கிழமை சாலவாக்கம் பக்கத்து ரேஷன் கடை ஒன்றில் யாருக்கும் அரிசி கிடைக்கவில்லை. அரிசி இருந்தது. ஜனம் இருந்தது. கைரேகை வைக்கும் மெஷினும் இருந்தது. வைக்கத்தான் விரல் இல்லை. எல்லார் கட்டைவிரலும் மஞ்சள் துணிக்குள் கிடந்தது. பிரித்தால் குலநாசமாம்!

சொன்னவர் கணினிச் சித்தர் கலைச்செல்வன். பழைய ரைஸ்மில் கொட்டகையில் பேசும் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு முக்காலமும் உரைக்கும் மகான். வாசலில் பேர், வயது, போன் நம்பர், குறை எல்லாம் சொல்லி டோக்கன் வாங்கவேண்டும். உள்ளே போய்க் கண்ணாடியில் கட்டைவிரலை அழுத்தினால், பெட்டி பேர் சொல்லிக் கூப்பிட்டு, குறையையும் சொல்லும். வாசலில் தான் சொன்னதையே உள்ளே கேட்டுக் கண்ணீர் விட்டது கூட்டம்.

போன வாரம் அந்தப் பெட்டியின் சோர்ஸ் கோடு லீக் ஆகிவிட்டது. இதற்கு இதைச் சொல் என்று பெட்டிக்கு எழுதிவைத்த கட்டளைகள்தான் அவை. எழுதிக்கொடுத்தவர் அவற்றை ஊர் உலகமே பார்க்கும்படி இணையத்தில் போட்டு மறந்துவிட்டார். வேறொருவனாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பான். சித்தரோ மைக்கைப் பிடித்தார்.

"ரகசிய மந்திரம் வெளியே போயிடுச்சு! துஷ்டசக்தி உங்க ரேகையைத் திருடும்! உடனே வந்து விரல்கட்டு போட்டுக்குங்க!"

கட்டு ஒன்று இருநூறு ரூபாய். மழையில் நின்று கட்டிக்கொண்டார்கள். உத்திரமேரூரில் செல்போன் கடை வைத்திருக்கும் சனாவுல்லாவும் கட்டிக்கொண்டு, தன் போனையே ரேகை வைத்துத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். மூடத்தனத்துக்கு மதபேதம் கிடையாது.

இதோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் வேதகிரியின் கால் சிரிக்கும்படி இல்லை. வரப்பு வெட்டும் கூலிவேலையில் பாதத்தில் மண்வெட்டி பட்டது. சர்க்கரை உடம்பு. புண் கறுத்து நாறியது. பெட்டியோ, "நாற்பத்தெட்டு நாள் ஊசி, கத்தி ஆகாது" என்று சொல்லியிருந்தது. அன்றைக்குப் பத்தாம் நாள்.

அவர் மனைவி அம்முலு, ரீசார்ஜ் செய்ய வந்த இடத்தில் சனாவுல்லாவின் மகள் ஜாஹிராவிடம் அழுதாள்.

"ஆஸ்பத்திரிக்கு வாய்யான்னா வரமாட்டேங்குது ஜாஹிராம்மா. பொட்டி சொன்னா சொன்னதுதானாம். காலு அழுவிக்கினு கீது."

ஜாஹிரா கம்ப்யூட்டர் படித்தவள். லீக் ஆன கோடை முந்தின நாளே உட்கார்ந்து வாசித்திருந்தாள். ஒரு தாளில் ஏதோ எழுதி, மடித்து, அப்பாவின் சட்டைப்பையில் வைத்தாள்.

"நான் சொல்ற வரைக்கும் பிரிக்காதீங்க அத்தா. அம்முலுக்கா, அவரை எப்படியாவது கொட்டாய்க்குக் கூட்டிக்கினு வந்துடுங்க."

அப்பாவோடு போய், கொட்டகை வாசலில், "ராணியம்மாள், அறுபது வயசு, முட்டிவலி" என்று பொய் சொல்லி டோக்கன் வாங்கினாள் ஜாஹிரா. டோக்கன் கொடுத்தவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. உள்ளே போய், அத்தனை பேர் முன்னாலும் பையிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்துக் கண்ணாடியில் அழுத்தினாள்.

"ராணியம்மாளே!" என்றது பெட்டி. "உன் முட்டிவலியை நான் அறிவேன். பழைய பகை உன்னைச் சுற்றுகிறது. நாற்பத்தெட்டு நாள் ஊசி, கத்தி ஆகாது."

கத்தரிக்காய் பக்தியோடு கேட்டுக்கொண்டது.

"பார்த்தீங்களா! துஷ்டசக்தி பெட்டியையே பிடிச்சிடுச்சு!" என்று கத்தினார் சித்தர்.

"அத்தா, தாளைப் படிங்க."

சனாவுல்லா படித்தார். ராணியம்மாளே முதல் கத்தி ஆகாது வரை ஒரு சொல் மாறவில்லை.

"எந்த நோய்னு சொன்னாலும் கடைசி வரி இதுதான்னு எழுதி வெச்சிருக்கான்," என்றாள் ஜாஹிரா. "ஆஸ்பத்திரிக்குப் போய் நல்லாயிட்டா இங்க எவன் வருவான்? கண்ணாடிக்கு அடியில வெறும் சுவிட்சு. உங்க ரேகையை இது எடுக்கவே இல்ல, அப்புறம் திருடு போறதுக்கு இன்னா கீது? திருடு போறது வேற. வாசல்ல சொன்னீங்களே போன் நம்பரு, நோயி, அதெல்லாம் வெச்ச இடத்தோட பாஸ்வேர்டையும் அந்தக் கோடுக்குள்ளயே எழுதி வெச்சிருக்கான். நான் தொறக்கல. தொறக்கறவன் தொறப்பான். மருந்து விக்கிறேன், பணம் அனுப்புன்னு எவன் போன் பண்ணாலும் நம்பாதீங்க."

யாரோ கண்ணாடியைப் பெயர்த்தார்கள். அடியில் ஒரு காலிங்பெல் பட்டன். சித்தர் பின்வாசலைத் தேடினார். அங்கே கட்டுக்கு இருநூறு கொடுத்த நான்கு பேர் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

வேதகிரி மட்டும் கத்தரிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் நாப்பத்தெட்டு நாளு, கத்திரிக்காய்க்கும் நாப்பத்தெட்டு நாளாடா?"

விரல்கட்டைப் பல்லால் கிழித்து எறிந்தார். சனாவுல்லா அவரை ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். கால் பிழைத்தது. இரண்டு விரல்கள் போயின. பத்து நாள் முன்னால் வந்திருந்தால் அவையும் பிழைத்திருக்கும் என்றார் டாக்டர். துஷ்டசக்திக்குப் பயந்து கைவிரலைக் கட்டியவர், கால்விரல்களைப் பெட்டிக்குப் படையல் வைத்துவிட்டார்!

அடுத்த செவ்வாய் ரேஷன் கடையில் அரிசி போட்டார்கள். அப்போதும் நாலைந்து விரல்களில் மஞ்சள் துணி இருந்தது. "எதுக்கும் இருக்கட்டுமே" என்றார்களாம்.

இருக்கட்டும் ஐயா, இருக்கட்டும். பெட்டிக்குள் ஒருவன் எழுதி வைத்ததை ஜாஹிரா ஒரே நாளில் படித்துவிட்டாள். உங்கள் தலைக்குள் எவனெவன் என்னென்ன எழுதி வைத்திருக்கிறான் என்று நீங்கள் எப்போது படிக்கப் போகிறீர்கள்?