ஆல்பின் உயிரோடு இருக்கிறான் என்று அக்கா எழுதிக்கொள்வது

திருத்தங்கல்,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமானவனும், தற்சமயம் என் போனை எடுக்காதவனுமான தம்பி சாலமன்ராஜுக்கு அக்கா கனகமணி எழுதிக்கொள்வது. இங்கு ஆண்டவருடைய கிருபையால் நான், மருமகள் ரீனா, மகன் ஆல்பின் ஆகிய எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இதை எல்லாக் கடிதத்திலும் வருகிற வரி என்று தாண்டிப் போய்விடாதே. ஆல்பின் உயிரோடு இருக்கிறான். உனக்கும் ஜாஸ்பினுக்கும் அதே பிரகாரம் சுகம் உண்டாகட்டும். கோபத்தில் மாத்திரையை நிறுத்திவிடாதே. கோபம் வேறு, ரத்தக்கொதிப்பு வேறு.

போன சனிக்கிழமை நீங்கள் இருவரும் புது வீட்டுப் பிரதிஷ்டைக்கு எங்களை அழைக்கச் சாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தீர்கள். நான் கதவைத் திறக்கவில்லை. நீங்கள் நடுத்தெருவில் நின்று அழுதீர்கள். பிறகு அழைப்பிதழைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். தப்புத்தான். அதில் பாதித் தப்பு என்னுடையது. மீதிப் பாதியைப் பிறகு சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேள்.

ரீனாவுக்கு என்ன வேலை என்று ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கேட்கிறாய். மைக்கில் பேசுகிற வேலை என்றால், "அப்ப அரசியலா?" என்கிறாய். விளம்பரத்தில் முகம் தெரியாமல் ஒரு பெண்குரல் பேசுமே, அதுதான் அவள் வேலை. முன்பு இதற்காக அடிக்கடி சென்னைக்கு ரயில் ஏறுவாள். இப்போது கிறிஸ்மஸ் குடில் சாமான்களைப் போட்டு வைத்திருந்த உள்ளறைதான் ஸ்டூடியோ. சுவர் முழுக்கக் கம்பளி, ஜன்னலில் மெத்தை. வீட்டில் தரையில் விரிக்கிற பொருள் ஒன்றுகூடத் தரையில் இல்லை, என் கல்யாண ஜமுக்காளம் உள்பட. மைக்கிலிருந்து ஒரு பெட்டிக்கும், பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கும் வயர் போகிறது. அங்கிருந்து இன்டர்நெட் வழியாகச் சென்னைக்குத் தொடர்பு. அதற்கு லிங்க் என்று பெயர். லிங்க் கிடைத்துவிட்டால் ரீனா எச்சில் விழுங்குவதுகூடச் சென்னை டைரக்டர் கீர்த்திகாவின் காதில் விழும். நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கினால், "யாராவது நடக்கிறாங்களா?" என்று அங்கிருந்து கேட்கிறாள்.

சனிக்கிழமை வந்தது பெரிய வாய்ப்பு. தூக்கம் வராதவர்களுக்குச் செல்போனில் கதை சொல்லித் தூங்கவைக்கிற ஒரு சிங்கப்பூர் கம்பெனி. தூங்கவைக்கிற குரலை எங்கே தேடி வந்திருக்கிறார்கள் பார், வெடி போடுகிற ஊரில்! கம்பெனிக்கார அம்மாவும் சிங்கப்பூரிலிருந்து அதே லிங்க்கில் உட்கார்ந்து கேட்பாராம். பிடித்துப்போனால் வருடம் முழுக்க வீட்டிலிருந்தே வேலை. இங்கே சத்தம் சரிப்படாது என்றால் ரீனா சென்னைக்கே குடிபோக வேண்டியதுதான். ஆல்பினும் அச்சாபீஸ் வேலையை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே போவான்.

ரெக்கார்டிங் ஆரம்பிக்கும் முன் ரீனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, என்ன நடந்தாலும் நீங்க ஒரு சத்தம் போடக் கூடாது. நான் வெளிய வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றாள். நான் பைபிளைத் தொட்டுச் சரியென்றேன். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாகக் காலம் தள்ளியவள். சொன்னால் சொன்னபடி செய்வேன் என்பது உனக்குத் தெரியும்.

மின்விசிறி, பிரிட்ஜ், எல்லோருடைய போன், எல்லாவற்றையும் அணைத்தேன். பின்பக்கக் காலி மனையில் தனுஷ்கோடி அண்ணாச்சி பட்டாசு சாம்பிள் வெடித்துக் காட்டுவார் என்பதால் முன்கூட்டியே போய்க் கெஞ்சினேன்.

"நர்சம்மா, சீசன் நேரத்துல என்னையப் போயி வெடிக்காதீகன்னு சொல்றீகளே! பாட்னாவுலருந்து பார்ட்டி வந்து உக்காந்திருக்கு. வெடிச்சுக் காட்டாம வாயாலயா சொல்ல முடியும்?"

"வாயாலயும் சொல்லாதீக அண்ணாச்சி. அதுவும் கேக்கும்."

நல்ல மனுஷர். மத்தாப்பு, சங்குசக்கரம், புஸ்வாணம் மட்டும் காட்டுவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் பாட்னாக்காரர்களுக்குக் கை இருக்கிறது என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. ஒவ்வொரு புஸ்வாணத்துக்கும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "அங்க மழை பெய்யுதா?" என்று கேட்டாளாம் கீர்த்திகா. ஆமாம் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள் ரீனா. பிறகு உப்பு வண்டி மைக் போட்டுக்கொண்டு வந்தது. ஓடிப்போய்ச் சைகையாலேயே விலை பேசி, வண்டிக்காரர் வாயை அடைக்க ஒரு மூட்டை உப்பு வாங்கினேன். உனக்கு வேண்டுமானால் சொல்.

ஒருவழியாக எல்லாம் அடங்கியது. ரீனா பட்டுத்துணி மாதிரிக் குரலில், "மெல்லக் கண்களை மூடுங்கள். உங்களைச் சுற்றி எந்தச் சத்தமும் இல்லை" என்று ஆரம்பித்திருக்கிறாள். அப்போதுதான் நீ வந்தாய்.

"யக்கா! ஏ யக்கா! உள்ள இருக்கீகளா இல்லையா?"

தம்பி, நீ பி.டி. வாத்தியாராக இருந்தவன். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பையனைத் திரும்பிப் பார்க்கவைக்கிற குரல் அது. நான் முன்ஜன்னலுக்கு ஓடி வந்து கண்ணாடிக்கு உள்ளே நின்று உதட்டில் விரல் வைத்தேன். உள்ளறையைக் கை காட்டினேன். தூக்கக் கதை ஓடுகிறது என்பதற்காக இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். குரல் சென்னைக்குப் போகிறது என்பதற்காகக் கையை நீட்டினேன். வடக்கு எந்தப் பக்கம் என்று அவசரத்தில் புரிபடாமல் கை வானத்தைப் பார்த்துப் போய்விட்டது. அதற்குள் ஜாஸ்பின் என்னவோ கேட்டாள். கண்ணாடி வழியாக வாய் அசைவது மட்டும் தெரிந்தது. 'பிறகு வரட்டுமா மதினி?' என்று கேட்பதாக நினைத்துப் பலமாகத் தலையாட்டினேன். அவள் கேட்டது 'யாரு மதினி, ஆல்பினா?' என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"ஐயோ, நம்ம ஆல்பின் நித்திரையடைஞ்சிட்டானே!" என்று அவள் மாரில் அடித்துக்கொண்டாள்.

"மாப்ளே! மாமன விட்டுப் போயிட்டியேலே!" என்று நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிட்டாய்.

நான் என்ன செய்வது? ரீனா இன்னும் வெளியே வரவில்லை. பைபிளைத் தொட்டிருக்கிறேன். கண்ணீர் வழிய உதட்டில் வைத்த விரலை எடுக்காமல் நின்றேன். அதைப் பார்த்ததும் தெருவுக்கே சந்தேகம் தீர்ந்துவிட்டது. தனுஷ்கோடி அண்ணாச்சி ஓடிவந்தார். பாட்னாக்காரர்கள் பின்னாலேயே வந்து வரிசையாகத் தலைகுனிந்து நின்றார்கள். அண்ணாச்சி உடனே ஆல்பின் வேலை பார்க்கிற அச்சாபீஸ் முதலாளிக்குப் போன் போட்டார். வெளியூர் போயிருந்த முதலாளி அழுதுகொண்டே போனிலேயே கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குச் சொல்லிவிட்டார். அதை டிசைன் பண்ணின ஆள் நேராக ஆல்பினிடமே கொண்டுபோய், "அண்ணே, அவசர ஆர்டர். இதுல எழுத்துப் பிழை இருக்கான்னு பாருங்க" என்று நீட்டியிருக்கிறான். உன் மருமகன், "பாவம், இவனுக்கும் நம்ம பேருதான்" என்று வருத்தப்பட்டு, 'கண்ணீர்' என்பதில் இருந்த பிழையைத் திருத்தியும் கொடுத்திருக்கிறான். கீழே நம் தெருப் பெயரைப் பார்த்த பிறகுதான் பைக்கை எடுத்தான்.

இங்கே உள்ளறையில், கம்பெனி அம்மா கேட்கிறாரே என்று அதுவரை பொறுத்துப் பார்த்த கீர்த்திகா ஹெட்போனில், "ரீனா, யாரோ அழுறாங்க. ஆல்பின்னு கேக்குது. உங்க ஹஸ்பண்ட் பேரு என்ன?" என்று கேட்டிருக்கிறாள். ரீனா தலையில் மாட்டின ஹெட்போனோடு, வயர் பின்னால் இழுபட, அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். அதே நேரம் ஆல்பினின் பைக் வந்து நின்றது. முதலில் அவனைக் கட்டிப்பிடித்தாள். பிறகு அடித்தாள். அவள் வெளியே வந்துவிட்டதால் நானும் வாயைத் திறந்து, "யாருக்கும் ஒண்ணுமில்ல, எல்லாரும் காபி குடிக்கிறீகளா?" என்றேன். அதுதான் உனக்குப் பொறுக்கவில்லை.

"என்னைய நடுத்தெருவுல அழவச்சு வேடிக்கை பாத்தீகளாக்கா? பிரதிஷ்டைக்கு நீங்க ஒருத்தரும் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் போனாய்.

இப்போது அந்த மீதிப் பாதித் தப்பு. ஒரு கைச் சைகையை நம்பிச் சாவை அறிவிக்கலாமா? ஆஸ்பத்திரியில்கூட டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் சாவு. ஜாஸ்பின் எப்போதும் அவசரக்காரி. கல்யாணத்தன்று 'சம்மதமா?' என்று போதகர் கேட்டு முடிக்கும் முன்பே சம்மதம் என்றவள். நீ கேட்டைத் தாண்டி வந்து கதவை ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் திறந்திருக்கும், பூட்டவே இல்லை. ஆகவே நீயும் உன் பாதிக்கு வருத்தம் தெரிவித்தால், நானும் என் பாதிக்குத் தெரிவிக்கத் தயாராக இருக்கிறேன்.

உன்னிடம் மட்டும் இன்னொன்று சொல்கிறேன். சிங்கப்பூர் அம்மா இரங்கல் தெரிவித்துவிட்டு, பிறகு விஷயம் தெரிந்து, இன்று சாயங்காலம் மறுபடி ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். இதுவும் கெட்டால் பிள்ளைகள் சென்னைக்குப் போவார்கள். "தாராளமாப் போங்க, எனக்கென்ன" என்று ரீனாவிடம் வீறாப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அத்தான் போன பிறகு இந்த வீட்டில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அவள்தான். அவளை ரயிலேற்றிவிட்டு வந்து, நான் ஒருத்தியாக எதற்குச் சோறு வடிக்க வேண்டும்? இதை அவளிடம் எந்தக் காரணத்தைக் கொண்டும் சொல்லிவிடாதே. ஜெபத்தில் மட்டும் நினைத்துக்கொள்.

உன் புது வீட்டில் சமாதானமும், குழாயில் தண்ணீரும், உன் நெஞ்சில் கொஞ்சம் பொறுமையும் என்றென்றைக்கும் தங்கியிருப்பதாக. ஆமென்.

உன் அக்கா,
கனகமணி.

பின்குறிப்பு: தம்பி, ஒரு காரியம் நடந்துபோயிற்று. வார்டில் ரிப்போர்ட் எழுதிய காலத்திலிருந்தே எனக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிற பழக்கம். இன்று உள்ளறைக் கதவோரம் நாற்காலி போட்டுத்தான் இதை எழுதினேன். ரீனா அதற்கு முன்பே லிங்க்கைப் போட்டுச் சரிபார்த்துவிட்டு, தொண்டைக்கு வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போயிருக்கிறாள். மைக் திறந்தே இருந்திருக்கிறது. சென்னையும் சிங்கப்பூரும் முதல் வரியிலிருந்து கேட்டுவிட்டார்கள். அவள் திரும்பி வந்து ஹெட்போனை மாட்டியதும் கீர்த்திகா, "உங்க அத்தைய நிறுத்திடாதீங்க, இப்பத்தான் உங்களைப் பத்தி வருது" என்றாளாம். அவளும் கேட்டுவிட்டாள். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் அத்தை, எங்கிட்டச் சொல்ல மாட்டீங்களா?" என்று மூக்கை உறிஞ்சினாள். பிறகு போய் அந்தக் கதையைச் சொன்னாள் பார், ஒரே மூச்சில் முடிந்தது. வேலை கிடைத்துவிட்டது. பிள்ளைகள் எங்கேயும் போகவில்லை.

ஆனால் உன் வழக்கில் எனக்குத் தோல்வி. சிங்கப்பூர் அம்மா, தம்பி மேல் ஒரு பாதியும் இல்லை, முழுத் தப்பும் அக்காவுடையதுதான், நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கீர்த்திகாவும் அதே கட்சி. ரீனாவும் அங்கேயே சேர்ந்துகொண்டாள். ஆகவே நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். தபால்தலை ஒட்டிவிட்டதால் வீணாக்க மனமில்லாமல் இதையும் பெட்டியில் போடுகிறேன். எனக்குப் பிறகுதான் வந்து சேரும். வந்ததும் ஜாஸ்பின் கையில் கொடுத்துவிடாதே. மேலே இருப்பது எதையும் வாசிக்காமல், இந்தப் பின்குறிப்பை மட்டும் வாசித்துவிட்டுக் கிழித்துப் போடு.