தூள் ஐயாவின் முள்ளுப் பந்துகள்

ஓசூரில் பூவைப் பார்த்தும் பூவைப் பார்க்காத ஒரே மனிதர் தூள் ஐயாதான். நிறமும் மணமும் அவருக்கு அநாவசியம். நடுவிலிருக்கும் மகரந்தத் தூள் போதும். பெங்களூர்க் கல்லூரி ஒன்றில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அடுத்த போர்ஷனில் ஒரு பித்தளை மைக்ராஸ்கோப்புடன் தனியாகக் குடியிருந்தார்.

செம்பருத்தி, பருத்தி, வெண்டை, பூவரசு எல்லாம் ஒரே குடும்பம் என்பார். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாடை பார்ப்பதுபோல அவற்றின் தூளை ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

"எல்லாம் முள்ளு மொளைச்ச பந்துதான் தாயி. ஒருத்தனுக்கு முள்ளு நீளம், இன்னொருத்தனுக்கு மொட்டை. அண்ணன் தம்பின்னா அப்படித்தானே!"

நாங்கள் கிருஷ்ணகிரிக்கு மாற்றலாகி வந்த பிறகும் செம்பருத்தியைக் கண்டால் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

ஒருநாள் வீட்டுக்கார ராமக்காவின் சாமி படத்திலிருந்த பூவையே தூரிகையால் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயோ சிவனே! சாமி பூவுங்க அது!"

"பூவு சாமிக்கே இருக்கட்டும், ராமக்கா. தூளு அவருக்கு எதுக்கு?"

அந்த வருஷம் என் கைக்குழந்தைக்கு இருமல் பிடித்தது. மூச்சு விட்டால் நெஞ்சில் கீச்சென்று சத்தம். மருந்து கொடுத்தேன்; கொடுத்தது அதிகமோ, குறைச்சலோ என்று தவித்தேன்.

"அந்தாளு சன்னல்ல தட்டுற தூளுதான் கொழந்தை நெஞ்சுல எறங்கியிருக்கு. நாளைக்கே காலி பண்ணச் சொல்றேன்" என்றாள் ராமக்கா. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தூள் ஐயாவின் காதில் விழுந்துவிட்டது. கோபிக்கவில்லை. கண்ணாடித் துண்டில் விளக்கெண்ணெய் தடவி எங்கள் தொட்டில் கயிற்றில் கட்டினார்.

"ஒரு நாள் பொறுங்க. எம் பசங்க வந்திருந்தா இதுல ஒட்டிக்குவாங்க. அப்புறம் நானே பொட்டி கட்டறேன்."

மறுநாள் ராமக்காவும் நானும் மாறிமாறி லென்ஸில் கண் வைத்தோம். முள்ளுப் பந்து ஒன்றுகூட இல்லை. ஒரே கரி.

"இந்தத் தூளு கனம், பிசுபிசுப்பு. தேனீ தூக்கினாத்தான் உண்டு, காத்துல பறக்காது" என்றவர், "ஆமா, இவ்வளவு கரி எங்கிருந்து தாயி?" என்று கேட்டார்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவது வழக்கம். இருமல் வந்த பிறகு, சீக்கிரம் குணமாகட்டும் என்று பொழுதுக்கும் புகை போட்டிருந்தோம். அந்தப் புகையில் தொட்டிலையே தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"சாம்பிராணி எங்கயாச்சும் கெடுதல் பண்ணுமா?" என்று முனகிக்கொண்டே தூபக்காலை எடுத்துப் பரண்மேல் போட்டாள் ராமக்கா. சில நாளில் கீச்சுச் சத்தம் அடங்கியது. காலி பண்ணும் பேச்சும் அடங்கியது.

ஆனால் ராமக்காவின் பேச்சு காதில் விழுந்த அன்று சாத்திய தூள் ஐயாவின் சன்னல் மட்டும் திறக்கவில்லை. மைக்ராஸ்கோப்புக்கு வெளிச்சம் வேண்டுமே! கிணற்றுக்கு அப்பால், வேலியோரம் முக்காலி போட்டு, தலையில் ஈரத்துண்டுடன் வெயிலில் குனிந்திருந்தார்.

"பறக்காதுன்னு நீங்கதானே ஐயா காட்டினீங்க? உள்ளயே உக்காந்து பாருங்களேன்" என்றேன்.

லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"பறக்காதுன்னு எனக்குத் தெரியும் தாயி. உங்களுக்குத் தூக்கம் வரணுமில்ல?"