கிங்ஸ் சர்க்கிளில் நாலு சுற்று

நான் மரியாதை தெரியாதவன் இல்லை. இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டில் ஒருவரும் நம்பத் தயாராக இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் என் அத்திம்பேரின் (அக்கா புருஷனின்) சைக்கிள். குறிப்பாகச் சொன்னால், அதன் ஹேண்டிலுக்குக் கீழே, கழுத்துக்குள் உட்கார்ந்திருந்த தேய்ந்துபோன பால்ரஸ் குண்டுகள். மீதிக் காரணம் நான்தான் என்று ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சிக்குத் தலைவி என் மனைவி.

அது இரண்டாவது உலக யுத்தக் காலம். பம்பாயில் சைக்கிள் சாமான் எதுவும் கிடைக்காது. நான் பாலக்காட்டிலிருந்து வந்து, மாட்டுங்காவில் அக்கா வீட்டில் எட்டு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். (தேடியது குறைவு, சாப்பிட்டது அதிகம்.) கடைசியில் வடாலாவில் ஒரு கிடங்குக் கம்பெனியில் குமாஸ்தா வேலைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஹெட் கிளார்க் எங்கள் ஊர்ப்பக்கத்து மாமா. அத்திம்பேர் சிபாரிசு சொல்லியிருந்தார். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் நான் ஊருக்கு ரயில் ஏற வேண்டியது என்று வீட்டில் தீர்மானமாகிவிட்டது.

அத்திம்பேர் பெரிய மனசு பண்ணி, தம் கோட்டு, பூட்ஸ், சைக்கிள் மூன்றையும் ஒருநாள் இரவல் கொடுத்தார்.

"சைக்கிள் கழுத்து கொஞ்சம் ஆடும். நீ கண்டுக்காதே."

"பிரேக் இருக்கோ?"

"முன் பிரேக்கைப் பிடிச்சா கழுத்து ரொம்ப ஆடறது. அதனாலே கழட்டி வெச்சுட்டேன்."

"பின் பிரேக்?"

"ரப்பர் எங்கேடா கிடைக்கறது இப்போ? காலைத் தரையிலே தேச்சுண்டா நின்னுட்டுப் போறது."

இதை அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி சொன்னார். என் உயிரை விட அந்த வெற்றிலை மேல்தான் அவருக்குக் கவனம்.

இன்டர்வியூவுக்கு முதல்நாளே சைக்கிளைத் தாராவிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே சைக்கிள் கடை வைத்திருந்த பாய் திருநெல்வேலிப் பக்கம். முன்சக்கரத்தைச் சுவரில் முட்டக் கொடுத்து ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டினார். கழுத்துக்குள் 'டக் டக்' என்றது.

"பால்ரஸ் தேஞ்சு போச்சு தம்பி. குண்டு புதுசா மாத்தணும். இப்ப சாமான் இல்ல. ஆட்டத்தோடயே மெதுவா ஓட்டுங்க. நீங்களா நட்டை முறுக்கிராதிய, என்ன?"

எனக்குச் சுருக்கென்றது. இன்டர்மீடியட் வரை படித்தவனிடம் நட்டை முறுக்காதே என்பதா? அன்று மாலையே வீட்டு வாசலில் ஸ்பேனரோடு உட்கார்ந்தேன். ஆட்டம் நிற்கும்வரை முறுக்கினேன். நின்ற பிறகும் பாயின் மேல் இருந்த கோபத்தில் இன்னும் இரண்டு முறுக்கு. சுவரில் முட்டிப் பார்த்தேன். 'டக்' போயே போய்விட்டது. ஹேண்டில் திரும்புகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. சைக்கிள் என்றால் திரும்பும்தானே!

மறுநாள் காலை நேர்ச்சாலையில் ஒருவழியாகத் தள்ளாடிப் போய்விட்டேன். கிங்ஸ் சர்க்கிள் வந்ததும் பூங்காவைச் சுற்றுவதற்காக ஹேண்டிலைப் பலங்கொண்ட மட்டும் வலப்பக்கம் வளைத்தேன். வளைந்தது. வளைந்த இடத்திலேயே இறுகி நின்றுவிட்டது.

வடாலாவுக்குப் பிரியும் சாலை வந்தது, போயிற்று. நான் பூங்காவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். காலைத் தேய்க்கலாமே என்பீர்கள். தேய்த்தால் தேய்வது அத்திம்பேரின் பூட்ஸ். மிதிப்பதை நிறுத்தலாமே என்பீர்கள். நிறுத்தினால் விழுவேன், கசங்குவது அத்திம்பேரின் கோட்டு. ஆகவே மிதித்தேன்.

அப்போதுதான் பூக்கடை ஓரம் குடையோடு நின்றிருந்த ஹெட் கிளார்க் மாமாவைப் பார்த்தேன். எதிரே பெரியவர்கள் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி, அவர்கள் தாண்டிப்போன பிறகு ஏறுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அவரும் என்னைக் கண்டதும், நான் இறங்குவதற்காக முகத்தைத் தயார்செய்துகொண்டு நின்றார். நான் புன்னகை செய்தபடி கடந்து போனேன்.

இரண்டாம் சுற்றில் அவர் முகத்தில் புன்னகைக்கு இடமில்லை. மூன்றாம் சுற்றில், ஏதாவது செய்தாக வேண்டுமே என்று ஒரு கையைத் தூக்கி சலாம் வைத்தேன். ஆசனத்தில் அமர்ந்தபடியே! மகாராஜா பவனி போகிற தோரணை. நாலாம் சுற்றில் அவரே சாலையில் இறங்கி வழிமறித்தார். அவர்மேல் மோதாமல் இருக்க நான் பக்கவாட்டில் சாய்ந்தேன். கோட்டு, பூட்ஸ், நான் எல்லாமாக அவர் காலடியில் போய் விழுந்தோம்.

ஒரு மணி நேரம் கழித்து, கிழிந்த முழங்கையோடு அவர் மேஜை முன் நின்றேன்.

"நாலு வாட்டி சுத்தினே. ஒரு வாட்டியாவது இறங்கினியோ?"

"கடைசிலே விழுந்து நமஸ்காரம் பண்ணினேனே, மாமா."

"அது நமஸ்காரம் இல்லை, விபத்து."

"ஹேண்டில் டைட்டா இருந்தது, மாமா."

"உனக்குத் தலைக்கனம். பழியை ஹேண்டில் மேலே போடறியாக்கும். போயிட்டு வா."

வேலை போயிற்று. அத்திம்பேர் கோட்டைப் பார்த்து அழாத குறை. சைக்கிளைப் பார்த்துவிட்டு, நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். அது பழையபடி ஆடிக்கொண்டே அழகாகத் திரும்பியது. அந்த அநியாயத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நல்லவேளை, ரயில் ஏறுவதற்கு முன்பே பாண்டுப்பில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கேயே தலை நரைத்தது.

போன மாதம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். என் மகன் ஸ்கூட்டரில் எதிரே வந்தான். நிற்கவில்லை, ஒரு கையைத் தூக்கிவிட்டுப் போயே போய்விட்டான். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அவன் வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"பெத்த அப்பனைக் கண்டா வண்டியிலேர்ந்து இறங்கணும்னு தெரியாதாடா உனக்கு?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, மிகவும் பணிவாகச் சொன்னான்: "ஹேண்டில் டைட்டுப்பா."

உள்ளே என் மனைவி கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் கேட்கிறேன்.