ஊருக்குப் போன கிரீன் கார்டு

"அப்பா, அலமாரியில தொங்கிட்டிருந்த என் பழுப்பு ஜாக்கெட் எங்கே?"

ரோடெல் மக்பனுவா இதைக் கேட்டபோது புதன்கிழமை மதியம் மணி ஒன்று. வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அவனுக்குக் குடியுரிமை நேர்முகம்.

"எந்த ஜாக்கெட்?" என்றார் அப்பா கிறிஸ்பின், காபிக் கோப்பையிலிருந்து முகத்தை எடுக்காமல்.

"இடது கை கிழிஞ்சிருக்குமே, அது."

"ஓ, அதுவா! பெட்டியில போட்டுட்டேன். ஊர்ல உன் சித்தப்பா போட்டுக்கட்டும். ரெண்டு வாரமா நீ அதைத் தொடவே இல்லையே."

ரோடெல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அமெரிக்காவில், டேலி சிட்டியில் இருந்த அந்த வீட்டில், இரண்டு வாரம் யாரும் தொடாத எதுவும் ஊர்ப்பெட்டிக்குப் போய்விடும். ஓர் ஆள் கால் மடக்கி உட்காரக்கூடிய அட்டைப்பெட்டி. அதில் சோப்பு, பற்பசை, டின் இறைச்சி, சாக்லேட், துண்டு என்று திணித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கப்பலில் சொந்த ஊரான இலோய்லோவுக்கு அனுப்புவது கிறிஸ்பினின் பக்திக் காரியம். போய்ச் சேர இரண்டு மாதம் ஆகும். ஒரு தடவை அதே வீட்டில் இருந்த பேபி அத்தையின் மூக்குக்கண்ணாடியே போய்விட்டது. ஊரில் சித்தி அதை மாட்டிக்கொண்டு, நன்றி சொல்லிப் படம் அனுப்பினாள்.

"அந்த ஜாக்கெட் உள்பையில என் கிரீன் கார்டு இருந்ததுப்பா!"

"கிரீன் கார்டை எவனாவது ஜாக்கெட்டுல வைப்பானா?"

"நேர்முகத்துக்குக் கொண்டு போகணுமேன்னு பத்திரமா வச்சேன்."

"பத்திரமாத்தான் இருக்கு. பதினோரு சுத்து டேப் போட்டு, நேத்துதான் கிடங்குக்கு அனுப்பினேன்."

இந்த நேர்முகம் கெட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். ரோடெலுக்கு முப்பத்து நாலு வயது. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். காத்திருப்பது அவனுக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் இலோய்லோவில் ஜோவலின் இருந்தாள். கல்யாணம் ஆகி மூன்று வருடம். கிரீன் கார்டுக்காரனின் மனைவி இங்கே வர வரிசையில் நிற்க வேண்டும். குடிமகனின் மனைவிக்கு வரிசையே கிடையாது. அவள் கல்யாணம் பண்ணிக்கொண்டது முழு ஆளை. குடித்தனம் நடத்துவதோ கைபேசித் திரையில், கழுத்துக்கு மேலே உள்ள ஆளோடு.

நேர்முகம் நடக்கும் அலுவலகத்தில் காலையில் தேறியவர்களை அன்று மதியமே மாடி மண்டபத்தில் குடிமக்களாக உறுதிமொழி எடுக்க வைத்துவிடுவார்கள். அதை நம்பி பேபி அத்தை வெள்ளி சாயந்திரத்துக்கு நாற்பது பேரை அழைத்து, முழுப் பன்றி வாட்டுவதற்கும் சொல்லிவிட்டாள்.

அப்பாவோ நாலு மாதமாகக் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். "செனட்டுல எத்தனை பேர்? சோப்பு அப்புறம் போடு, முதல்ல பதில் சொல்லு!" அவர் அந்தக் காலத்தில் ஹோட்டல் வாசலில் கதவு திறந்துவிட்டுக்கொண்டே படித்துத் தேறியவர். அதனால் இரக்கம் கிடையாது. "இந்த நாட்டுல அவனவன் பரீட்சையை அவனவன்தான் எழுதணும்" என்பார்.

இப்போது அவரையும் ஏற்றிக்கொண்டு ரோடெல் பெட்டிக் கிடங்குக்குக் காரை விரட்டினான்.

கிடங்கில் ஒரே மாதிரி முந்நூறு பெட்டிகள். பொறுப்பாளர் போயெத் வயிற்றைச் சொறிந்துகொண்டே சொன்னார். "நாலு மணிக்குக் கன்டெய்னரை மூடறோம் தம்பி. இதுல உங்க பெட்டியை எங்கேன்னு தேடறது?"

"அதோ!" என்றார் கிறிஸ்பின் இருபதடி தூரத்திலிருந்து. "அந்த மாதிரி யார் டேப் போடுவா, சொல்லு!"

அவருடையதுதான். போயெத் கத்தியை எடுத்ததும் கிறிஸ்பினின் முகம் மாறிவிட்டது. "மெதுவா, மெதுவா. ஓரமா வெட்டுப்பா" என்று பக்கத்திலேயே நின்று முனகினார்.

இருபத்து நாலு டின், பதினாறு சோப்பு, ஒன்பது துண்டு, கணக்கில்லாத சாக்லேட். எல்லாம் தரையில் பரவியபின் அடியிலிருந்து ஜாக்கெட் வந்தது. உள்பையில் கிரீன் கார்டு சமர்த்தாக இருந்தது.

ரோடெல் அதற்கு முத்தம் கொடுத்தான். உடனே ஜோவலினைக் கூப்பிட்டுத் திரையில் காட்டி, இன்னும் மூன்று கொடுத்தான். அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது.

"கிடைச்சிடுச்சு பாரு!"

"எனக்கு ஒரு முத்தம் கிடையாது, அந்த அட்டைக்கு மூணு கொடுக்கறே" என்றாள் அவள், கண்ணைக் கசக்கியபடி. "இந்தத் தடவை கோட்டை விட்டேன்னு வை, நான் அந்த ஜாக்கெட்டோட குடித்தனம் பண்ணிக்குவேன். அதுவாவது என்கிட்ட வந்து சேருது."

பெட்டியிலிருந்து வெளியே வந்த சாமான் திரும்ப உள்ளே போக மறுத்தது. முதலில் கிறிஸ்பின் மூடிமேல் உட்கார்ந்து பார்த்தார். பிறகு ரோடெல் உட்கார்ந்தான். கடைசியில் போயெத்தும் தன் வயிற்றோடு வந்து உட்கார்ந்தார்.

"திரும்ப எடுத்து அடுக்கணும்" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அடுக்கினார்கள். மணி மூன்றே முக்கால்.

"டேய், அந்த ஓரத்தைப் பிடி! ஒரு கையால இல்லடா, ரெண்டு கையாலயும் பிடி!"

ரோடெல் இரண்டு கையாலும் பிடித்தான். அப்பா டேப் போட்டார். வெட்டிய பெட்டி என்பதால் இந்தத் தடவை பதினைந்து சுற்று. வண்டி வந்து பெட்டியைத் தூக்கிப் போயிற்று. கன்டெய்னர் கதவு தடாரென்று சாத்திக்கொண்டது. போயெத் கை ஆட்டினார்.

வீடு திரும்பும் வழியில், இரண்டாவது சிக்னலில் ரோடெல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கால்சட்டைப் பையை. பிறகு அப்பாவின் சட்டைப்பையை.

"என் பையில என்னடா தேடறே?"

"அப்பா... ரெண்டு கையாலயும் பிடின்னீங்களே?"

"ஆமா."

"அப்போ கார்டைப் பெட்டிக்குள்ள துண்டு மேல வச்சேன்."

கிறிஸ்பின் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். பிறகு கேட்டார். "நீலத் துண்டா, மஞ்சளா?"

"நீலம்."

"அப்ப கவலையில்ல. அது நசுங்காது."

திரும்பிப் போனபோது போயெத் பூட்டில் தொங்கிய முத்திரையைக் காட்டினார். "இனிமே மணிலாவுல சுங்கக்காரங்க திறந்தாத்தான் உண்டு. நான் கை வச்சா என் வேலை போயிடும் தம்பி. கவலைப்படாதீங்க, உங்க கார்டு எப்படியும் ஊர் போய்ச் சேர்ந்துடும்."

அன்று மாலை பேபி அத்தை நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டாள். முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். யாரையும் அலற விடாமல் ஊசி போட்டவள். "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. கார்டு தொலைஞ்சா போலீஸ்ல ஒரு தாள் வாங்கிட்டுப் போனாப் போதும். என் சிநேகிதி பொண்ணு அப்படித்தான் போனா. பன்றிக்குச் சொன்னது சொன்னதுதான், மாத்த முடியாது."

வியாழன் காலை அப்பாவும் மகனும் காவல் நிலையத்தில் நின்றார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரர் இளையவர், மரியாதையானவர், பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தவர்.

"எங்கே தொலைச்சீங்க சார்?"

ரோடெலுக்கு நேர்முகம் நினைவுக்கு வந்தது. நாளைக்குக் கேட்கப் போகும் கேள்விகளில் ஒன்று, 'அரசு அதிகாரி யாரிடமாவது எப்போதாவது பொய் சொன்னதுண்டா?' என்பது. இத்தனை வருடம் சொன்னதில்லை. முந்தின நாள் போயா ஆரம்பிப்பது?

"தொலைக்கலை சார். கப்பலேறப் போகுது. ஒரு பெட்டிக்குள்ள, நீலத் துண்டு மேல இருக்கு."

போலீஸ்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "துண்டோட நிறம் வரைக்கும் சொல்றீங்க. அப்புறம் காணோம்னு நான் எப்படி எழுதறது?"

"திருடு போயிடுச்சுன்னு எழுதிக்கோங்க!" என்று கிறிஸ்பின் பாய்ந்தார், மகனுக்கு உதவுகிற உற்சாகத்தில்.

"அப்படியா? எடுத்தது யாரு?"

கிறிஸ்பின் மகனைப் பார்த்தார். போலீஸ்காரர் ரோடெல் பக்கம் திரும்பினார். "பெட்டியை அடைச்சது யாரு சார்?"

ரோடெல் விட்டத்தைப் பார்த்தான். அங்கே உதவி எதுவும் இல்லை. "இவர்தான். எங்கப்பா" என்றான்.

கால் மணி நேரத்தில் தாள் கைக்கு வந்தது. 'மேற்படி நபரின் கிரீன் கார்டை அவரது தந்தை கிறிஸ்பின் மக்பனுவா, வயது எழுபத்தொன்று, பெட்டியில் அடைத்து, பதினைந்து சுற்று டேப் ஒட்டி, நாட்டைவிட்டு வெளியே அனுப்பியதாகத் தெரிகிறது.'

அப்பா அதை இரண்டு தடவை படித்தார். "கடத்தல்காரனாக்கிட்டியேடா என்னை!"

"நான் என்னப்பா பண்றது? அவர் கேட்டாரு, சொன்னேன்."

"பன்னிரண்டு வயசுல, அம்மா இல்லாத பிள்ளையைக் கைபிடிச்சு இந்த நாட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். ஒரே அறையில, ஒரே சட்டியில சமைச்சுப் போட்டு வளர்த்தேன். அதுக்கு என் பேர் போட்டுத் தாள் வாங்கிக் கொடுத்திருக்கே!"

 வீட்டில் அவர் குளியலறைக் கதவுப் பக்கமே வரவில்லை. ரோடெல் அன்று நிம்மதியாகக் குளித்தான். ஆனால் அந்த நிம்மதி அவனுக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளி காலை கிறிஸ்பின் கோட்டும் டையுமாகக் காரில் முதலில் ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில், வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கிய அவருடைய குடியுரிமைச் சான்றிதழ், கண்ணாடிச் சட்டத்தோடு.

"இது எதுக்குப்பா?"

"நான் யாருன்னு அந்த அதிகாரிக்குத் தெரியணும். கடத்தல்காரனுக்கு இதெல்லாம் கொடுப்பாங்களா?"

அலுவலக வாசலில் காவலர் கண்ணாடியை உள்ளே விடவில்லை. கூட வந்த பேபி அத்தையின் நூடுல்ஸ் தட்டையும் விடவில்லை. நூடுல்ஸ் காருக்குப் போயிற்று. சான்றிதழைச் சட்டத்திலிருந்து உருவி மகனிடம் கொடுத்தார் கிறிஸ்பின். "மடக்கிடாதே" என்றார். நேற்றிலிருந்து அவர் பேசிய முதல் அன்பான வார்த்தை அது.

காத்திருப்போர் கூடத்தில் மற்றவர்கள் ஆளுக்கொரு ஃபைலை அழகாக மடியில் வைத்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து ரோடெலின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு எழுத்தையும் தப்பாக.

அதிகாரியின் பெயர் மிஸ் பிரிச்சர்ட். சிரிப்பு வந்து போன தடமே இல்லாத முகம். வாசிக்கச் சொன்னார், வாசித்தான். எழுதச் சொன்னார், எழுதினான். வரலாற்றுக் கேள்விகளுக்கு அவர் முடிக்கும் முன்பே பதில் சொன்னான். குளியலறைப் பயிற்சி வீண்போகவில்லை.

"கிரீன் கார்டு?"

ரோடெல் போலீஸ் தாளை நீட்டினான். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"பதினஞ்சு சுத்தா?"

"வழக்கமா பதினொண்ணுதான் மேடம்."

"உங்க அப்பா மேல புகார் கொடுத்திருக்கீங்களா?"

"ஐயோ, இல்ல மேடம்! எங்கப்பா தங்கமான மனுஷன். வெளியிலதான் உட்கார்ந்திருக்கார். இதோ பாருங்க, அவர் சான்றிதழ்!"

மிஸ் பிரிச்சர்ட் அதை வாங்கினார். வாங்கியவர் கீழே வைக்கவில்லை.

"உங்க பிறந்த தேதி என்ன?"

சொன்னான்.

"இவர் இதை வாங்கினப்போ நீங்க எங்கே இருந்தீங்க?"

"அப்பாகூடத்தான். டேலி சிட்டியில, ஒரே அறை மேடம்."

"அப்போ உங்ககிட்ட கிரீன் கார்டு இருந்ததா?"

"இருந்தது மேடம். அப்போ அது எங்கேயும் போகலை."

அவர் எழுந்து, இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. மேலே மாடி மண்டபத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. தேறியவர்கள் ஏறிப் போகிறார்கள் போலிருக்கிறது.  அப்பாவைப் பிடித்து விசாரிக்கிறார்களோ? எழுபத்தொரு வயதில், அந்த டையோடு, ஒரு அறையில் உட்கார வைத்து? குடியுரிமை போனால் போகட்டும். ஜோவலின் திட்டட்டும், இன்னும் ஒரு வருடம் திரையிலேயே திட்டட்டும். அப்பா பெயரை மட்டும் அந்தத் தாளில் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

இருபத்தைந்தாவது நிமிடம் மிஸ் பிரிச்சர்ட் திரும்பி வந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்போதும் ஒன்றும் இல்லை.

"மிஸ்டர் மக்பனுவா, உங்க மனுவை நிராகரிக்கிறேன். இன்னிக்கு நீங்க மேல போய் உறுதிமொழி எடுத்துக்க முடியாது. இன்னிக்கு மட்டுமில்ல, என்னிக்குமே முடியாது."

"மேடம், என் பெண்டாட்டி மூணு வருஷமாக் காத்துட்டிருக்கா!" ரோடெல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "சரி, அது என் தலையெழுத்து. ஆனா எங்கப்பாவை ஒண்ணும் பண்ணிடாதீங்க. அவர் மேல தப்பே இல்ல. கார்டை விட்டது நான்தான்!"

மிஸ் பிரிச்சர்ட் சான்றிதழை மடங்காமல் அவன் பக்கம் நகர்த்தினார்.

"கார்டு கிடக்குது, விடுங்க. உங்கப்பா குடிமகனான அன்னிக்கு உங்களுக்குப் பதினஞ்சு வயசு, கிரீன் கார்டோட அவர் வீட்டுல இருந்திருக்கீங்க. சட்டப்படி அந்த நிமிஷமே நீங்களும் குடிமகனாயிட்டீங்க. பத்தொன்பது வருஷமா அமெரிக்கரா இருக்கற ஆளுக்கு நான் எப்படி சார் குடியுரிமை கொடுக்கறது?"