என் சந்தாவை அபூ ஷிஹாதா கட்டுகிறார்

குவைத், ஹவல்லி
வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்குப் பிறகு

கலஃபின் தாயும் என் வீட்டின் விளக்குமான ஃபித்தாவுக்கு, அவள் கணவன் முத்லக் தன் கையால் எழுதுவது. உன்மேல் சாந்தியும் இறைவனின் கருணையும் நிலைக்கட்டும்.

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வலப்பக்கம் நேராகக் கிளம்பும் வரி, இடப்பக்கம் போய்ச் சேர்வதற்குள் நம் ஊர் தஃபீலாவின் மலைப்பாதைபோல் கீழே இறங்கிவிடுகிறது. எழுத்துகளில் சில ஒட்டகம் உயரம், சில எறும்பு. பேனாவை நான் மண்வெட்டிபோல் பிடிக்கிறேன் என்று ஆசிரியர் சொல்கிறார். முப்பது வருடம் நாற்றுப் பண்ணையில் மண்வெட்டி பிடித்த கை, வேறு எப்படிப் பிடிக்கும்? இரண்டாம் பக்கத்தில் உள்ள கறையைக் கண்ணீர் என்று நினைத்துவிடாதே. அது தக்காளிச் சாறு.

ஆம், நானேதான் எழுதுகிறேன். பள்ளிவாசலின் பக்கத்து அறையில் வயதானவர்களுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. பெஞ்சுகள் சிறுபிள்ளைகளுக்குச் செய்தவை. உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடுகிறது. ரமலானுக்கு முன் சேர்ந்தேன். உன்னிடம் சொல்லவில்லை, பாதியில் விட்டுவிட்டால் சிரிப்பாய் என்று. விடவில்லை. இப்போது தெருவில் எதையும் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. டயர் கடை, பல் மருத்துவர், இங்கே துப்பாதீர்கள், எல்லாவற்றையும் நின்று படித்துவிட்டுத்தான் நகர்கிறேன். பண்ணைக்கு இரண்டு முறை தாமதமாகப் போய்விட்டேன்.

உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? கலஃப் அகபாவிலிருந்து போன் செய்கிறானா, அல்லது மருமகளின் போனில் சார்ஜ் தீர்ந்ததாகவே இன்னும் சொல்கிறானா? ஒலிவ மரங்கள் இந்த வருடம் காய்த்திருக்கின்றனவா? ஆடுகளைப் பற்றி நான் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். அதைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் உனக்கு என் கடிதங்களை எழுதிக்கொடுத்தவர் மருந்துக்கடை அபூ நிமர். நல்ல மனிதர்தான், ஆனால் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். நான் முதல் வருடம், "உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று எழுதுங்கள்" என்றேன். அவர் பேனாவை நிறுத்திக் கனைத்தார். கடையில் இருமல் மருந்து வாங்க வந்த இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் உடனே, "ஆடுகள் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள்" என்றேன். அன்றிலிருந்து அந்த இடம் வரும்போதெல்லாம் ஆடுகளைத்தான் விசாரித்தேன். நீயும் ஒவ்வொரு பதிலிலும் எந்த ஆடு குட்டி போட்டது, எது நொண்டுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதினாய். ஆடுகளை விற்ற பிறகும் நான் விசாரித்ததற்கு, எனக்கு மறதி வந்துவிட்டது என்று கலஃபிடம் சொன்னாயாம். மறதி இல்லை, ஃபித்தா. போனிலும் இதே கதிதான். என் அறையில் மூன்று பேர் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அங்கே உன்னைச் சுற்றி யாராவது இருக்கிறார்கள். நமக்கு நடுவில் மூன்றாவது ஆள் இல்லாத முதல் பேச்சு இதுதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். போனில் குரல் அனுப்பியிருந்தாய்: "ஏங்க, பென்ஷன் சந்தா முடிஞ்சுதா இல்லையா? ஒலிவம் பறிக்கறதுக்குள்ள வர்றீங்களா இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க. உங்க வளவளப்பு எனக்கு வேணாம்." அறையில் எல்லோரும் கேட்டார்கள். ஒரே வார்த்தையில் சொல்வதென்றால், முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதற்கு மற்ற வார்த்தைகள் வேண்டியிருக்கின்றன, பொறுத்துக்கொள்.

வெளிநாட்டில் வேலை செய்கிறவனுக்கு நம் நாட்டில் சந்தா கட்ட முதலாளி கிடையாது. கட்டினால் கட்டு, விட்டால் விடு, உன் விருப்பம் என்பார்கள். நாமாகக் கட்டிவந்தால் முதுமையில் மாதாமாதம் பென்ஷன். நடுவில் விட்டுப்போனால் சந்தா நின்றுவிடும். அதைத் திரும்பத் தொடங்க அலைய வேண்டும், என் வயதுக்குத் தொடங்க விடுவார்களோ என்னவோ. கையில் ஒரு தொகையைக் கொடுத்து, போய்வா பெரியவரே என்று அனுப்பினால், அதைக் கலஃபின் மாமனார் வந்து கடனாகக் கேட்டு வாங்கிப்போக ஒரு பருவம் போதும். அதனால்தான் ஒவ்வொரு முதல் தேதியும் பணம் அனுப்பும் கடைக்குப் போய் வரிசையில் நின்றேன். இந்த ஒலிவப் பருவத்தோடு முடிய வேண்டியது.

நாலு வருடத்துக்கு முன் அந்த வரிசையில்தான் அபூ ஷிஹாதாவைப் பார்த்தேன். நம் நாட்டு ஸல்த் ஊர்க்காரர், இங்கே ஷுவைக்கில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிறவர். என் பேச்சைக் கேட்டதும், "தஃபீலாவா? அப்ப வரிசையோட எந்தப் பக்கம் முன்பக்கம்னு நான்தான் காட்டணும்" என்றார். ஸல்த்காரர்கள் வழி காட்டித்தான் பாதி நாடு தொலைந்துபோனது என்று நானும் சொன்னேன். இருவருக்கும் மனது குளிர்ந்தது. கவுன்டர் வந்தது. நான் பையில் கைவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்று என் சந்தாவை அவர்தான் கட்டுவாராம். நான் மறுத்தேன். அவர் என் தலைமேல் ஆணை என்றார். நான் அவர் தாடிமேல் ஆணை என்றேன். பின்னால் வரிசை வாசல்வரை போய்விட்டது. கடைசியில் அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "நான் குவைத்துல இருக்கற வரைக்கும் இந்த மனுஷன் சந்தாவ வேற எந்தக் கையாவது கட்டுச்சுன்னா, என் பெண்டாட்டி தலாக்" என்று சொல்லிவிட்டார்.

ஸல்த்தில் அடுப்பங்கரையில் நிற்கும் ஒன்றும் அறியாத பெண்ணை நான் எப்படித் தெருவில் விடுவேன்? கட்டவிட்டேன். ஆனால் எனக்கும் மானம் உண்டல்லவா? அவருடைய சந்தாவை இனி நான்தான் கட்டுவேன், இல்லையென்றால், கோபப்படாதே ஃபித்தா, உன்னை வைத்து அதே சத்தியத்தைச் செய்துவிட்டேன். நீ இன்னும் என் மனைவிதான், கவலைப்படாதே. ஒரு மாதம்கூடத் தவறவில்லை. இனி ஒருபோதும் உன்னை வைத்துத் தலாக் சத்தியம் செய்யமாட்டேன் என்று இதோ எழுத்தில் கொடுக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

கவுன்டரில் இருக்கும் கேரளத்துப் பையன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்து, "பாபா, ரெண்டு பேருக்கும் தொகை ஒண்ணுதான். அவரவர் அவரவருக்குக் கட்டினா கணக்கு அதேதானே" என்றான். எங்களுக்கு அவமானமாகப் போய்விட்டது. அபூ ஷிஹாதா, "கணக்கு அதேதான் மகனே, மனுஷன்தான் அதே இல்ல" என்றார். அவன் இரண்டு சீட்டுகளிலும் முத்திரை குத்திக் கொடுத்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு முதல் தேதியும் நான் அவருக்குக் கட்டினேன், அவர் எனக்குக் கட்டினார். பிறகு எதிரே உள்ள தேநீர்க்கடைக்குப் போய், அந்தக் காசை யார் கொடுப்பது என்று மறுபடியும் முதலிலிருந்து சண்டை போட்டோம். மாதத்தில் அந்த ஒரு நாள் என் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொள்வேன்.

கோடை தொடங்கியபோது ஒரு முதல் தேதி அவர் வரவில்லை. கடை சாத்தும்வரை நின்றேன். அவருடைய சந்தாவைக் கட்டினேன். என்னுடையதை? நானே கட்டினால் ஸல்த்தில் அந்தப் பெண்ணின் கதி என்ன? கட்டவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் வரவில்லை. கேரளத்துப் பையன் கணினியைத் தட்டிப் பார்த்து, "உங்களுக்கு இங்க யாரும் கட்டல பாபா. கட்டிடுங்க, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றான். யாரிடமும் சொல்லாவிட்டால் தலாக் நடக்காதா? நம் ஊர் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மிக மரியாதையாக வரவேற்றாள். நானும் சலாம் சொல்லி, அவள் தாய்தந்தை நலம் விசாரித்தேன். அவள் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு பாட்டு வந்தது. இயந்திரம் என்று அறையில் இருந்தவர்கள் சொன்னார்கள். இருந்தால் என்ன, அந்த வாரம் என்னை யாரும் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிடவில்லை.

அபூ ஷிஹாதாவின் போன் எண் என்னிடம் இல்லை. முதல் தேதி இருக்கும்போது எண் எதற்கு என்று இருந்துவிட்டோம். எதிர்க் கடையில் தனியாக உட்கார்ந்து தேநீர் குடித்தேன். பழக்கத்தில் கடைக்காரன் இரண்டு கிளாஸ் வைத்துவிட்டான். குடித்து முடித்துக் காசை நீட்டினேன், ஃபித்தா. யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. கடைக்காரன் வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டான். அவ்வளவுதான். இந்த ஊரில் காசு கொடுப்பது இவ்வளவு சுலபம் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

ஆகவே நான் வருவதாக இல்லை. நின்றுபோன சந்தாவைச் சரிசெய்து, விட்டதையெல்லாம் கட்டி முடிக்க அடுத்த ஒலிவப் பருவம் ஆகிவிடும், இறைவன் நாடினால். கூலிக்கு ஆள் வைத்துப் பறித்துக்கொள். ஏணியில் நீ ஏறாதே. நான் இங்கே நன்றாக இருக்கிறேன். தனிமை என்று ஒன்றும் இல்லை. நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது பேசிக்கொண்டே ஊற்றுகிறேன், அவை மற்றவன் பாத்தியைவிட நன்றாக வளர்வதாக முதலாளியே சொன்னார்.

கலஃபுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். பக்கத்து வீட்டு உம்மு ஸாலிமுக்குச் சலாம். இறைவன் உன் கண்ணுக்கு ஒளியும் முட்டிக்கு வலுவும் தரட்டும்.

உன் கணவன்,
முத்லக், கலஃபின் தகப்பன்

பின்குறிப்பு: இதை எழுதி முடிக்க மூன்று வெள்ளிக்கிழமைகள் ஆயின. உறையை ஒட்டும் முன் ஒன்று தோன்றியது. அபூ ஷிஹாதாவுக்குப் பணம் கட்டும் சீட்டு என் பையிலேயே இருந்தது. வருடக்கணக்காக அதைக் கவுன்டரில் நீட்டியிருக்கிறேன், படித்ததில்லை. எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஷிஹாதாவின் தகப்பன், அபூ ஷிஹாதா என்றே கூப்பிட்டுவந்தேன், அவர் சொந்தப் பெயர் மினாவர். இத்தனை வருட நண்பரின் பெயர் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஷுவைக்குக்குப் போனேன். அபூ ஷிஹாதா என்று கேட்டால் தெருவுக்கு ஒருவரைக் காட்டினார்கள். மினாவர் என்றதும் ஒரு தையல்காரன், "முதுகு ஆபரேஷன் ஆச்சே, அவரா? ஃபஹாஹீல்ல அக்கா மகன் வீட்டுல இருக்காரு" என்றான்.

போய்ப் பார்த்தேன். பலகைபோல் மல்லாந்து படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது, "காபி குடிச்சியா?" நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் மனைவிக்காகத்தான் நான் கட்டாமல் இருந்தேன், என் பென்ஷன் போனாலும் அவர் குடும்பம் பிழைத்தது என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். தையல் பிரிந்துவிடும் என்று அக்கா மகன் ஓடிவந்தான்.

"அவ செத்து அஞ்சு வருஷமாச்சய்யா" என்றார். "மண்ணுக்குள்ள இருக்கறவள யாரு தலாக் சொல்ல முடியும்?"

"அப்புறம் எதுக்குய்யா அப்படிச் சத்தியம் பண்ணின?"

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "என் பெண்டாட்டின்னு வாயாரச் சொல்ல எனக்கு வேற எடம் ஏது, அபூ கலஃப்?" என்றார்.

நான் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அக்கா மகன்தான் பேசினான். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து அவர் கேட்ட முதல் வார்த்தை "தஃபீலாக்காரனுக்குக் கட்டினியா?" என்பதாம். மாதம் தவறாமல் ஃபஹாஹீல் கிளையில் கட்டியிருக்கிறார்கள். போன வாரம் கட்டியதுதான் கடைசியாம். ஆகவே, மேலே எழுதிய எல்லாவற்றையும் விட்டுவிடு. சந்தா முடிந்துவிட்டது. நான் வருகிறேன். கூலிக்கு ஆள் பேசியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

இன்னொன்று. அபூ ஷிஹாதாவுக்கும் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அதை நம் ஊரிலிருந்தே நான் கட்டுவேன். ஸல்த்தில் அவருடைய வீடு பூட்டிக் கிடக்கிறது, மகன் கனடாவில். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் என் பின்னாலேயே நம் வீட்டுக்கு வரச் சொன்னேன். விருந்தாளி வழக்கப்படி மூன்று நாள், அதற்குமேல் ஒரு நாள் இருக்கமாட்டேன் என்றார். நான் விடுவேனா? ஒலிவம் பறித்து எண்ணெய் ஆட்டி முடிக்கும்வரை அவர் நம் வீட்டில் தங்காவிட்டால், ஃபித்தா, மறுபடியும் உன்னை வைத்துத்தான் சத்தியம் செய்துவிட்டேன். எழுத்தில் கொடுத்த அந்த வரியை நீயே அடித்துவிடு. நான் அடிக்கலாம் என்று பார்த்தேன், அவ்வளவு பாடுபட்டு எழுதிய வரி, மனம் வரவில்லை. விருந்தினர் அறையில் கெட்டியான மெத்தையாகப் போடு, அவருக்கு முதுகு. நம் கல்யாணம் இப்போது உன் சமையலில் இருக்கிறது.

இந்தக் கடிதத்துக்கு முன்பே நான் வந்து சேர்ந்துவிடலாம். இருந்தாலும் தபாலில் போடுகிறேன், என் முதல் கடிதம். வந்ததும் என் முகத்துக்கு எதிரே படிக்காதே, நான் ரொட்டி வாங்கப் போயிருக்கும்போது படி. அடுத்த வாரமும் எழுதுவேன். அதற்குத் தபால்தலை வேண்டாம். உன் மாவுப் பாத்திரத்தின் அடியில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவேன். அதில் ஆடுகள் இருக்காது.